தண்ணீரில் ஓடும் ஜர்னல் பேரிங்: லேமினார் கணக்கில் டார்க் ஏன் இவ்வளவு குறைகிறது?

கேள்வி:
சுழலும் ஷாஃப்டை மெல்லிய திரவப் படலத்தில் தாங்கும் புஷ்தான் ஜர்னல் பேரிங்; என்னுடையது தண்ணீரில் ஓடுகிறது. ஷாஃப்ட் விட்டம் 100 மி.மீ., பேரிங் நீளமும் 100 மி.மீ., ஆரக் கிளியரன்ஸ் (ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) 0.1 மி.மீ., 3000 ஆர்.பி.எம். பள்ளம் இல்லாத புஷ், 40 டிகிரி தண்ணீர், சுமை மிகக் குறைவு. படல அழுத்தத்தைத் தரும் ரெனால்ட்ஸ் சமன்பாட்டை லேமினாராக (கொந்தளிப்பில்லாத அடுக்கு ஓட்டமாக) எடுத்துத் தீர்த்தால் உராய்வு டார்க் 0.16 நியூட்டன் மீட்டர். சீல் உராய்வைக் கழித்த பிறகும் சோதனை ரிக்கில் 0.45-ஐ ஒட்டி வருகிறது. சி.எஃப்.டி.யில் (கணினி வழி ஓட்டக் கணக்கில்) கே-எப்சிலான் கொந்தளிப்பு மாதிரியைப் போட்டால், மெஷ்ஷை (இடைவெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை) மாற்றும்போதெல்லாம் விடையும் மாறுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
ரிக் சரியாகத்தான் சொல்கிறது. மேற்பரப்பு வேகம் 15.7 மீ/வி; 40 டிகிரியில் ரெனால்ட்ஸ் எண் (வேகம் × கிளியரன்ஸ் / இயக்கப் பாகுநிலை; கூடினால் ஓட்டம் கொந்தளிக்கும்) கிட்டத்தட்ட 2400. ஷாஃப்ட் நடுவில் நிற்கும்போது டெய்லர் சுழல்கள் (எளிய லேமினார் ஓட்டம் குலைந்து எழும் வளையச் சுழல்கள்) தொடங்கும் வரம்பு 41.2 × √(ஆரம்/கிளியரன்ஸ்), உங்கள் அளவுக்கு 920. அதை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். இதே பேரிங்கில் விஜி 32 பாகுநிலைத் தர எண்ணெய் விட்டிருந்தால் ரெனால்ட்ஸ் எண் 50-தான் வரும். எண்ணெய்ப் பழக்கத்தில் லேமினார் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே காலை வாருகிறது.

1965-இல் வந்த என்ஜி-பான் கொந்தளிப்புத் திருத்தத்தைப் போடுங்கள். ரெனால்ட்ஸ் சமன்பாட்டில் லேமினாருக்கு இருக்கும் 12 என்ற கெழுவுக்குப் பதிலாக, சுற்றுத் திசையில் 12 + 0.0136 × ரெ^0.9 (ரெ என்பது ரெனால்ட்ஸ் எண்), அச்சுத் திசையில் 12 + 0.0043 × ரெ^0.96. உங்களுக்கு 27-ம் 19.5-ம் வரும். சுவர் உராய்வை 1 + 0.0012 × ரெ^0.94 ஆல் பெருக்க வேண்டும், அது 2.8. 0.16-ஐ 2.8 ஆல் பெருக்கினால் 0.45.

வெப்பச் சமன்பாடு வேண்டியதில்லை. இழப்பு 140 வாட். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினாலே 2 டிகிரிதான் ஏறும். ஆனால் உள்ளே வரும் தண்ணீரின் வெப்பநிலையைச் சரியாக அளந்துகொள்ளுங்கள்: 20-இலிருந்து 40 டிகிரிக்குப் போனால் பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பதில் 2:
மெஷ் விஷயம். சுவர் தகைவு சுமார் 290 பாஸ்கல், அதாவது உராய்வு வேகம் (√(தகைவு/அடர்த்தி)) 0.54 மீ/வி. ஒய்-பிளஸ் என்பது சுவரிலிருந்து உள்ள தூரத்தின் அளவு; இங்கே ஒரு ஒய்-பிளஸ் 1.2 மைக்ரான். இடைவெளியின் பாதி 50 மைக்ரான், அதாவது ஒய்-பிளஸ் 41. வழக்கமான வால் ஃபங்ஷனுக்கு (சுவரோர ஓட்டத்தைத் தீர்க்காமல் சூத்திரத்தால் நிரப்பும் முறைக்கு) முதல் செல்லே ஒய்-பிளஸ் 30-க்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு இந்தப் படலத்தில் இடமே இல்லை. மெஷ்ஷுக்கு மெஷ் விடை மாறுவது அதனால்தான். சுவர் வரை நேரடியாகத் தீர்க்கும் கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. மாதிரிக்கு மாறுங்கள், முதல் செல் 1 மைக்ரான், இடைவெளிக்குக் குறுக்கே 30 செல்லாவது வேண்டும். செல்கள் மிக நீளமாகிவிடும் என்பதால் டபுள் பிரிசிஷன் கட்டாயம்.

கேட்டவர்:
டார்க் பொருந்திவிட்டது, மிக்க நன்றி. சுமையை ஏற்றி மையவிலகல் (ஷாஃப்ட் நடுவிலிருந்து விலகும் தூரம் / கிளியரன்ஸ்) 0.8 ஆனால் இதே கெழுக்கள் போதுமா?

பதில் 1:
போதாது. அப்போது மிக மெல்லிய இடத்தில் படலம் 20 மைக்ரான், அங்கே ரெனால்ட்ஸ் எண் 480-தான். கிளியரன்ஸை வைத்து ஒரே எண்ணாகப் போடாமல், கணக்கு வலையின் ஒவ்வொரு கணுவிலும் அந்த இடத்துப் படலத் தடிமனை வைத்துக் கணக்கிடுங்கள். அப்படிச் செய்தாலும் சூத்திரம் அங்கே 15.5 தரும், லேமினாரில் 12 வர வேண்டும். சுமை தாங்கும் இடத்திலேயே 30 சதவீதப் பிழை. 500 வரை 12-ஐயே வைத்து 1000 வரை படிப்படியாகக் கலப்பது ஒரு வழி. அந்த எல்லைகள் நாமாக வைப்பவை, எனவே நகர்த்தி விடை எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்.

பதில் 3:
ரோட்டார் அதிர்வுக்குப் போகிறீர்கள் என்றால், விறைப்பும் தணிப்பும் மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். ரெனால்ட்ஸ் எண் × கிளியரன்ஸ்/ஆரம் இங்கே 4.8, 1-ஐத் தாண்டினாலே நீரின் நிலைமத்தை விட முடியாது. ஷாஃப்ட் நடுவில், சுற்றிலும் தண்ணீர் நிறைந்த நிலையில், கூடுதல் நிறை (ஷாஃப்ட் அசையும்போது நீரையும் தள்ள வேண்டியதால் சேரும் நிறை) 100 கிலோ அளவுக்கு வருகிறது. இதே விட்டத்தில் ஒரு மீட்டர் எஃகு ஷாஃப்டே 62 கிலோதான். எண்ணெய்க்கு எழுதிய பல நிரல்களில் இந்த நிறைக் கெழு சுழியமாகவே இருக்கும். அப்போது கிரிட்டிக்கல் ஸ்பீட் (ஒத்ததிர்வு வரும் சுழல் வேகம்) வேறெங்கோ போய் நிற்கும்.