கோட்டெய்க் பாலத்துக்குக் கீழே தரை எங்கே போனது? உயரத் தரவை வைத்து ரூட் கட்டியவர்கள் சொல்லுங்கள்

மேமியோ மெயில்:

பர்மாவின் மண்டலே – லாசியோ ரயில் லைனை ஓபன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எஸ்ஆர்டிஎம் என்கிற விண்வெளி ராடார் உயரத் தரவும் அது வரும் ஹெச்ஜிடி ஃபைலும் இங்கே பழகியவைதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். வடக்கு 22, கிழக்கு 96 பாகையில் தொடங்கும் சதுரத் துண்டு (டைல்), 90 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி இருக்கும் தரவு. எடிட்டரில் நிலத்தை இறக்கியாயிற்று, நௌங்கியோவிலிருந்து டிராக்கை 40-க்கு 1 சரிவில் வளைத்து வளைத்துக் கொண்டுவந்து கோட்டெய்க் பாலத்தையும் வைத்தாயிற்று. 689 மீட்டர் நீளம், 15 கோபுரம், ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தையும் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்த மாடல். கேமராவைப் பள்ளத்தாக்குக்குள் இறக்கினால் நடுக் கோபுரங்கள் பாதிக்கு மேல் மண்ணுக்குள் நிற்கின்றன. கரையோரக் கோபுரத்தின் அடியில் நட்டிருந்த மூங்கில் புதர் ஒன்று, மேலே தண்டவாளத்துக்கு நடுவில் குருத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது!

அந்தப் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவார்கள், எட்டிப் பார்த்தால் மர உச்சிகள் எங்கோ அடியில் கிடக்கும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்த ரூட்டையே தொடங்கினேன்.

காரணம் தெரியாமல் இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் அளந்த தரவு அது. ராடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும், செங்குத்தான பாறைச் சுவருக்குப் பின்னால் இருப்பது அதன் கண்ணில் படாது. மூலக் கோப்பில் அந்த மாதிரி இடமெல்லாம் மைனஸ் 32768, அதாவது வெறும் ஓட்டை. பிறகு கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது போல இரண்டு கரையையும் இழுத்து மூடியிருக்கிறார்கள். அப்படியானால் உண்மையான ஆழத்தை எங்கிருந்து எடுப்பது? மற்றவர்களுக்கும் இப்படி நடந்ததா?

லாசியோ சரக்கு:

நடந்தது, ஆனால் ஆழத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 250 மீட்டர் தோண்டிவிடுங்கள். அப்பாவோடு சரக்கு எடுக்க அந்த வண்டியில் போகும்போது கார்டு சொன்ன கணக்கு அது, பத்திரிகைகளிலும் அதைத்தான் போடுகிறார்கள். பாலத்தின் நடுவில் வண்டி ஒருமுறை நின்றுவிட்டது. கீழே பார்த்தேன், ஒரு பறவைக் கூட்டம் எங்களுக்குக் கீழே பறந்து போனது. முதுகை மேலிருந்து பார்த்த பறவைகள். அது 250 இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்சீன் லோகோ:

லாசியோ அண்ணே, பறவையைப் பார்த்தது சரி, அளவு சரியில்லை. தண்டவாளத்திலிருந்து உயரமான கோபுரத்தின் அடித்தரை வரைக்கும் 102 மீட்டர். 250 என்பது தரைக்குக் கணக்கு இல்லை. அந்த இடத்தில் ஓடை மண்ணுக்குள் புகுந்து குகை வழியாக ஓடுகிறது, அந்த ஓடைத் தண்ணீர் வரைக்கும் அளந்தால் வருவது என்று சொல்லப்படுகிற எண் அது. கோபுரங்கள் நிற்பது இயற்கையே கட்டிவைத்த பாறைப் பாலத்தின் மேல். அதனால்தான் 1900 வாக்கில் ஓர் அமெரிக்கக் கம்பெனி அங்கே பாலம் போட முடிந்தது.

மேமியோ மெயில் கவனிக்க வேண்டியது இதுதான்: டெம் ஃபைலில், அதாவது இந்த மாதிரி உயரத் தரவில், ஒரு புள்ளிக்கு ஒரே ஓர் உயரம். மேலே பாறை, அடியில் ஓடை என்று இரண்டையும் அது தாங்காது. 250 தோண்டினால் கோபுரம் நிற்க இடமே இருக்காது.

என் அனுபவம் ரங்கூன் சுற்று ரயில். ஏறக்குறைய 46 கிலோமீட்டர், மலை இல்லை, பள்ளம் இல்லை, சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். டிராக்கை நிலத்தோடு ஒட்டவிட்டு ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் வண்டியை ஓட்டினால், லன்மடோவுக்கும் கெமண்டைனுக்கும் நடுவில் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. என் மாமா இன்சீன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையை நீட்டி, பிரேக் பிடிக்கிற மாதிரியே காற்றில் பிடித்து, "இங்கே என்னத்துக்குடா ஏறுது? இந்த இடத்தில நான் வண்டியைச் சும்மா உருளவிட்டே போயிருக்கேன்" என்றார். திரையில் 8 மீட்டர் ஏற்றம்.

அது வீட்டுக் கூரை. ராடார் மண்ணைத் தொடவே இல்லை, நகரத்துக்குள் அது பார்த்தது மாடியும் தகரமும்தான். இந்தத் தரவில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதே திட்டத்தில் ஒப்புக்கொண்ட அளவு. சுற்று ரயிலில் உண்மையான ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தன்யிங்கோன் சந்தையில் காய்கறிக் கூடைகளை ஏற்றுகிற நிறுத்தம் இருக்கிறதே, அது மட்டும்தான் ஓரளவுக்கு மட்டமாக வந்தது, சுற்றிலும் வெட்டவெளி என்பதால்.

செடோ சங்கிலி:

எனக்கு நடந்தது சின்ன விஷயம். இதே லைனில் செடோவிலிருந்து தொண்டாங் ஏறுகிற இடத்தில் வண்டி முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகும் அல்லவா, அந்தப் படிகள் தரவில் இல்லவே இல்லை. ஒரே வழுக்குச் சரிவு. மேல் டிராக்கும் கீழ் டிராக்கும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டன. அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற புதியவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரயில் லைனின் சரிவைத் தரவிலிருந்து எடுக்காதீர்கள். எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டரில்தான் இருக்கும், அரை மீட்டர் கால் மீட்டர் கிடையாது. புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் 30 மீட்டர் தரவிலும், 40-க்கு 1 என்றால் 30 மீட்டருக்கு முக்கால் மீட்டர்தான் ஏறும், ஆக அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை வைத்து அந்தச் சரிவைப் பார்க்கவே முடியாது. செடோ ஏற்றம் 25-க்கு 1, அதுவும் 30 மீட்டருக்கு ஒன்றே கால் மீட்டர்கூட இல்லை. பல கிலோமீட்டருக்குச் சராசரி எடுத்தால் மட்டும்தான் தரவு பேசும். முதலில் இரண்டு ஸ்டேஷன்களின் உயரத்தை உறுதி செய்து, நடுவில் ரயில்வேக்குத் தெரிந்த சரிவில் டிராக்கைப் போடுங்கள், அப்புறம் நிலத்தை டிராக்குக்கு இழுங்கள். நிலத்துக்கு டிராக்கை இழுத்தால் இன்சீன் லோகோ மாமாவுக்கு வந்த கோபம்தான் வரும்.

அடுத்து, கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை அப்படியே கலக்காதீர்கள். சில ஆப் பூமிக்குக் கணக்காக வைத்திருக்கும் நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்து சொல்லும், எஸ்ஆர்டிஎம் கடல் மட்டக் கணக்கில் இருக்கும், நம் நாட்டில் இரண்டுக்கும் பல பத்து மீட்டர் வித்தியாசம். பழைய ஆங்கிலேயர் காலத்து வரைபடம் கையில் இருந்தால் அதில் உயரம் அடியில் இருக்கும், தவிர அது எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தது, ஜிபிஎஸ் கணக்குக்கு மாற்றாமல் மேலே போட்டால் லைன் சில நூறு மீட்டர் நகர்ந்து மலைக்குள் போய்விடும். ஓபன் ரெயில்ஸில் நிலம் 8 மீட்டர் வலை, டிரெயின்ஸ் என்ற இன்னொரு ரயில் விளையாட்டில் வழக்கமாக 5 அல்லது 10 மீட்டர். வலை சின்னதாக இருப்பதால் தரவும் நுணுக்கமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, 30 மீட்டர் புள்ளிகளுக்கு நடுவில் மென்பொருள் தானாக நிரப்பியதுதான் அது. கோப்பர்னிகஸ் என்ற புதிய 30 மீட்டர் உயரத் தரவு 2011 முதல் 2015 வரை எடுத்தது, மலைப் பகுதிக்கு எஸ்ஆர்டிஎம்மைவிட எவ்வளவோ மேல். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாரும் அதற்கு மாறுங்கள்.

மர்த்தபான் படகு:

செடோ ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. நான் கட்டுவது பெகு – மர்த்தபான் லைன், ரயில் மர்த்தபானோடு நின்று, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படகேறி மோல்மேன் போன காலம். நடுவில் தன்ல்வின் ஆற்றின் மேல் பாலம் திறந்தது 2005-இல். புதிய தரவை இறக்கினேன், பாலத்துக்கு ஏறுகிற மண்கரை மோல்மேன் பக்கம் மேடாக நிற்கிறது, நான் கட்டும் காலத்தில் அது கிடையாது. 2000-இல் எடுத்த எஸ்ஆர்டிஎம்மைப் போட்டேன், கரை காணோம், படித்துறைக்குப் போகிற சரிவு பாட்டி சொன்ன மாதிரியே ஆற்றைப் பார்த்து இறங்குகிறது. பாலம் வருவதற்கு முந்தைய எங்கள் ஊரை அளந்துவைத்த தரவு அது. அதை எப்படித் தூக்கிப் போடுவது? எந்த வருடத்து ரூட் கட்டுகிறோமோ அந்த வருடத்துக்குப் பக்கத்துத் தரவு வேண்டும், அவ்வளவுதான்.

தன்பியுசயாத்:

மர்த்தபான் அக்கா எழுதியதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. நான் கட்டுவது இன்றைக்கு இல்லாத லைன். சயாம் மரண ரயில், பர்மா பக்கத்துப் பகுதி, எங்கள் ஊரான தன்பியுசயாத்திலிருந்து மூன்று பகோடா கணவாய் வரைக்கும். மொத்தம் 415 கிலோமீட்டரில் 111 கிலோமீட்டர் நம் பக்கம். ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றி வந்த தமிழர்கள் எத்தனை பேர் அதில் போனார்கள் என்று நம் வீடுகளில் பேசாதவர்கள் கிடையாது. ஊரில் இருக்கும் போர்க் கல்லறையில் நேசநாட்டுப் படைவீரர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்குப் பெயர் எழுதிய கல் அங்கே இல்லை.

க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் அந்தப் பகுதியின் டைலைப் போட்டு, நிழல் தெரிகிற மாதிரி வெளிச்சத்தை மிகவும் தாழ்வாக வைத்தேன். காட்டுக்குள், மலை அடிவாரத்தை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று. ஓடை வந்தால் உள்ளே வளைந்து போய்க் குறுகலான இடத்தில் தாண்டி மறுபடி வெளியே வருகிறது, ரயில் எப்படிப் போகுமோ அப்படியே. பழைய வரைபடத்தை மேலே போட்டேன், கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன், அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்ய முடியவில்லை.

செடோ சங்கிலி:

தம்பி, உங்கள் மனசு புரிகிறது, ஆனால் அதை ரயில் கரை என்று ரூட்டில் எழுதிவிடாதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் மண்கரை 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. அடர்ந்த காட்டில் ராடார் அளப்பது பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியை. நடுவில் மரம் வெட்டிய பட்டை இருந்தால் அந்தப் பட்டை பள்ளமாகத் தெரியும். நீங்கள் பார்த்தது மாட்டு வண்டிப் பாதையாகவோ மரம் இழுத்த பாதையாகவோ இருக்கலாம். கோடு மேடாக இருந்ததா, பள்ளமாக இருந்ததா?

தன்பியுசயாத்:

பள்ளமாக, ஐயா. மரம் இல்லாத பட்டை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன், கரை என்று நான் எழுதவில்லை. ஆனால் வண்டிப் பாதை என்றால் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கிவிடும், அதற்குச் சரிவு ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கோட்டை நீங்கள் சொன்ன மாதிரியே பல கிலோமீட்டருக்குச் சராசரி எடுத்துப் பார்த்தேன், ஒரே சீராக ஏறுகிறது, எங்கேயும் குதிக்கவில்லை. பிற்பாடு ஊர்க்காரர்கள் அதில் நடந்திருக்கலாம், வண்டி கட்டியிருக்கலாம். அந்தச் சரிவை மலையில் வெட்டியவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டிராக்கை அதன் மேல்தான் போடுகிறேன், சுற்றியிருக்கும் காட்டில் மரத்தின் உயரத்தைக் கழித்துவிட்டு.

மேமியோ மெயில்:

எல்லாருக்கும் நன்றி. 102-ஐயே எடுத்துக்கொள்கிறேன். லாசியோ அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பறவைகளுக்கு 102 மீட்டரிலும் தாராளமாக இடம் இருக்கிறது. டிராக்கை அசைக்காமல் கோபுர அடிகளிலிருந்து அளந்து நிலத்தைக் கையால் தோண்டத் தொடங்கிவிட்டேன், ஓடை பாறைக்குள் புகுகிற வாயையும் வெளியே வருகிற வாயையும் தனி மாடலாக வைக்கிறேன். இப்போது தேவை கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேலே பார்த்து எடுத்த படம். வண்டியிலிருந்து எடுத்தது வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது. லாரி ரோட்டில் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியவர்கள் யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கோபுரத்தின் அடிக்கல் தெரிந்தால் போதும், போடுங்கள்.