சென்னை – கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: ஊர் ஊரா நாங்களே ரத்தம் கொடுத்துட்டுப் போகலாமா?

தாம்பரம்_பெடல்:
எல்லாருக்கும் வணக்கம். சனி, ஞாயிறு ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிட்டு இட்லி சாப்பிட்டுத் திரும்புற கூட்டம் நாங்க. இந்தத் தடவை கன்னியாகுமரி வரைக்கும் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். எங்க குழுவுல ஒருத்தருக்கு கிட்னி மாத்தியிருக்கு. மூளைச்சாவு அடைஞ்ச யாரோ ஒருத்தரோடது. யாருன்னு அவருக்குத் தெரியாது. அதனால ரத்த தானம், உறுப்பு தானம் ரெண்டையும் பத்தி வழியெல்லாம் பேசிட்டுப் போகணும்னு எண்ணம். பாதி தூரம் அவரும் கூட ஓட்டுவார்.

தாம்பரம், விழுப்புரம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஆகஸ்ட் 3 உறுப்பு தான நாள்ங்கிறதால அன்னைக்குக் குமரியில முடிக்கணும். கேள்வி இதுதான்: தங்குற ஒவ்வொரு ஊர்லயும் எங்கள்ல ஒருத்தர் ரத்தம் கொடுத்துட்டு மறுநாள் காலையில ஓட்டலாமா? ரோட்டோரம் முகாம் போட என்ன பண்ணணும்? உறுப்பு தான அட்டை எத்தனை அடிக்கலாம்?

கியர்_மாத்தாதவன்:
ரத்தம் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லட்டும். நான் காத்தைப் பத்திச் சொல்றேன். ஆகஸ்ட் 3 ஆடி மாசம். வள்ளியூர் தாண்டுனதும் முப்பந்தல், ஆரல்வாய்மொழி. அங்க அத்தனை மின்சாரக் காத்தாடியை சும்மாவா நட்டு வச்சிருக்கான்? கணவாய்க்குள்ள இருந்து மேற்குக் காத்து மூஞ்சிலயும் விலாவுலயும் மாறி மாறி அறையும். லாரி ஒண்ணு பக்கத்துல கடக்குறப்போ ஒரு நொடி காத்து நின்னு, அடுத்த நொடி மொத்தமாத் தள்ளும். அந்த இடத்துலதான் சைக்கிள் வெள்ளைக் கோட்டை விட்டு விலகும். கடைசி நாள், களைச்ச கால், இந்தக் காத்து, மூணும் சேரக் கூடாது.

தேதியை மாத்த வேணாம், திசையை மாத்துங்க. ஆகஸ்ட் 3 குமரியில கிளம்பி வடக்கே வாங்க. நாகர்கோவில் பக்கம் போகாம அஞ்சுகிராமம், காவல்கிணறு வழியா ஏறிட்டா அப்புறம் காத்து பக்கவாட்டுல வந்தாலும் பெரும்பாலும் முதுகைத் தள்ளித்தான் விடும். சென்னைக்காரங்க சென்னையில முடிச்சா கூட்டமும் கூடும்.

கரிசல்_நர்ஸ்:
தம்பி, நான் அரசு ரத்த வங்கியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கோவில்பட்டி பக்கம்தான் வீடு. உங்களை மாதிரி ஒரு சைக்கிள் கூட்டத்தோட வேன்ல கூடப் போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன்.

முதல்ல, ஓட்டுறவங்க யாரும் வழியில ரத்தம் கொடுக்கக் கூடாது. 350 மில்லி எடுத்தா அதுல உள்ள தண்ணிச் சத்து ஒண்ணு ரெண்டு நாள்ல ஊறிரும். சிவப்பணு திரும்ப வர வாரக்கணக்காகும். அந்தச் சிவப்பணுதான உங்க தொடைக்கு ஆக்சிஜன் கொண்டு போகணும்? கொடுத்த மறுநாள் நூறு கிலோமீட்டர் மிதிச்சா மூச்சு வாங்கும், தலை சுத்தும். ஹைவேயில தலை சுத்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். ஓட்டி முடிச்ச கையோடயும் வேண்டாம், உடம்பு வத்திக் கெடக்கும், நரம்பே கிடைக்காது. ஊருக்குப் போயி, நல்லாச் சாப்பிட்டுத் தூங்கி, பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுக் கொடுங்க. போட்டோவுக்காகக் கொடுக்கிற ரத்தம் எங்களுக்கு வேண்டாம்.

ஊர்க்காரங்க கொடுக்கட்டும். 18 வயசுக்கு மேல, 45 கிலோவுக்குக் குறையாம, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். ஆம்பிளைக்கு மூணு மாசத்துக்கு ஒருக்க, பொம்பிளைக்கு நாலு மாசத்துக்கு ஒருக்க. முகாம் நீங்களா போட முடியாது, லைசென்ஸ் உள்ள ரத்த வங்கி டாக்டரோட வந்து நடத்தணும். ஒரு மாசம் முன்னாடியே ஒவ்வொரு ஊர் ரத்த வங்கியிலயும் போய்ப் பேசுங்க. "எத்தனை பேரைக் கூட்டிட்டு வரணும்"னு கேக்காதீங்க, "எத்தனை பை தேவைப்படும்"னு கேளுங்க. சிவப்பணு 35லருந்து 42 நாள் தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) அஞ்சே நாள். ஒரே நாள்ல எரநூறு பேர் வரிசையில நின்னா எங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனைக்காதீங்க. பிரிட்ஜ் நெறஞ்சு, கொஞ்சம் காலாவதியாகி, ரெண்டு மாசம் கழிச்சுப் பிரசவ வார்டுல ஓ நெகட்டிவ் இல்லாம ஓடுவோம். அன்னைக்கு முப்பது பேர் கொடுத்தாப் போதும். மீதிப் பேர் நம்பரும் குரூப்பும் ஒரு நோட்டுல எழுதி ரத்த வங்கியில கொடுத்துட்டுப் போங்க. உங்க பயணத்துல உருப்படியா மிஞ்சுறது அந்த நோட்டுதான்.

சாத்தூர் பக்கம் நிறுத்தினா ஒரு கேள்வி கண்டிப்பா வரும். 2018 டிசம்பர்ல கர்ப்பிணிப் பொண்ணுக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏத்துன விஷயத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்கல. மழுப்பாதீங்க. எச்.ஐ.வி., ரெண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா, இந்த அஞ்சுக்கும் ஒவ்வொரு பையையும் சோதிக்கணும்ங்கிறது சட்டம், அந்தச் சட்டத்தை ஒழுங்காச் செய்யலைன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதுதான் சாட்சின்னு நேராச் சொல்லுங்க. ரத்தம் கொடுக்கிறவங்களுக்கு அதனால நோய் ஒட்டாது, ஊசியும் பையும் புதுசுங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. பாதிப் பேர் ரெண்டையும் போட்டுக் குழப்பி வச்சிருக்காங்க.

அடுத்தது அட்டை. எத்தனை வேணா அடிங்க, ஆனா அட்டையில கையெழுத்து வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. மூளைச்சாவுன்னா நாலு டாக்டர் சேர்ந்து, ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிச்சுச் சொல்லுவாங்க. அதுக்கப்புறமும் வீட்டாளுக சரின்னு சொன்னாத்தான் எடுக்க முடியும். ஐ.சி.யூ.வுக்கு வெளிய நிக்கிற பொண்டாட்டி கண்ணாடி வழியாப் பாக்கா. மூச்சு மெஷின்ல ஓடுறதால நெஞ்சு ஏறி எறங்குது, கையைத் தொட்டா சூடா இருக்கு. உசுரோட இருக்கிற மனுசனை எப்படிக் கொடுக்கச் சொல்லுதீயன்னு கேப்பா, கேக்கத்தான் செய்வா. அந்த நேரத்துல "இவரு எப்பவாவது இதைப் பத்தி வாயைத் தொறந்திருக்காரா?"ங்கிறது ஒண்ணுதான் வேலை செய்யும். அதனால அட்டை வாங்குறவரு அங்கயே நின்னு வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும். ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க. திட்டு விழும், விழட்டும். நூறு அட்டையை விட பத்து போன் மேல்.

டீக்கடையில பேச எளிசா எது எடுபடும்னா கண்ணுதான். நாங்க நிறுத்துன கடையில வடை சுட்டுக்கிட்டு இருந்த ஆச்சி, கரண்டியைக் கீழ வைக்காமலே கேட்டாவ: "எனக்குச் சக்கரை இருக்கு, ஒரு கண்ணுல பொரை எடுத்தாச்சு. இந்தக் கண்ணை எந்தக் கிறுக்கன் வாங்குவான்?" வாங்குவாங்க. சக்கரை, கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் தடையில்ல, வயசும் தடையில்ல. வீட்டுல இயற்கையாச் செத்தாலும் ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லிவிட்டாப் போதும். இமையை மூடி, மேல ஈரப் பஞ்சு வச்சு, தலைக்குத் தலகாணி கொடுத்து, ஃபேனை நிறுத்திரணும். அந்த "ஃபேனை நிறுத்து"ங்கிறது மட்டும் அந்தக் கடையில இருந்த எல்லாருக்கும் மனசுல நின்னுச்சு. ஆச்சி எங்களுக்கு வடைக்குக் காசு வாங்கல, ஆனா கையெழுத்தும் போடல. மகன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்னுட்டாவ. எனக்கு அதுவே திருப்தி.

செங்கை_சைக்கிள்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. திசையை மாத்துறதா இருந்தா செங்கல்பட்டு வந்ததும் நேரே தாம்பரம் ஏறாம திருக்கழுக்குன்றம் போயிட்டு வாங்க. 2008 செப்டம்பர்ல ஹிதேந்திரன்ங்கிற பையன் விபத்துல மூளைச்சாவு அடைஞ்சப்போ, டாக்டர்களான அப்பா அம்மா உறுப்புகளைக் கொடுத்தாங்களே, அவங்க ஊர் அது. அதுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுல இந்தப் பேச்சு வீடு வரைக்கும் வந்துச்சு. இன்னொண்ணு, 2023லருந்து உறுப்பு கொடுத்தவங்க இறுதிச் சடங்கை அரசு மரியாதையோட நடத்துறாங்க. கலெக்டர் வந்து மாலை வச்சதைப் பாத்த ஊர்ல நீங்க அதிகம் பேசவே வேண்டாம்.

தாம்பரம்_பெடல்:
ரொம்ப நன்றி. திசையை மாத்திட்டோம், வழியில ரத்தம் கொடுக்கிறதையும் விட்டாச்சு. அக்கா, கிட்னி மாத்தின நண்பரை மேடையில பேச வைக்கலாமா? தனக்குக் கொடுத்தவங்க குடும்பத்தைத் தேடிப் பாக்கணும்னும் சொல்றார்.

கரிசல்_நர்ஸ்:
பேசட்டும் தம்பி, அவரு பேசினா நாம யாரும் பேச வேண்டாம். ஆனா தேடிப் போக விடாதீங்க. ரெண்டு பக்கமும் பேர் தெரியாம வச்சிருக்கிறது காரணத்தோடதான். அந்தக் குடும்பம் எந்த நெலமையில இருக்கோ. நன்றி சொல்லணும்னா ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் கையில பேர் போடாம ஒரு கடிதாசி கொடுக்கச் சொல்லுங்க, கொண்டு சேக்க முடியுமான்னு அவங்க சொல்லுவாங்க.

அவரு ஓட்டுறதுக்கு அவரோட டாக்டர்ட்ட எழுத்துல சம்மதம் வாங்கிருங்க. எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை போடுறவரு, அதனால ரோட்டுக்கடைத் தேங்காச் சட்னி, திறந்து வச்ச தண்ணி, கரும்புச் சாறு எதுவும் ஆகாது. மாத்திரை நேரம் தவறவே கூடாது. ஒரு செட்டு அவரு பையில, ஒரு செட்டு வேன்ல. காலையில பதினொண்ணுக்கு மேல கரிசக்காட்டு வெயில்ல அவரை ஏத்தாதீங்க, கயத்தாறு தாண்டுனா நிழலே கிடையாது. கோவில்பட்டி வர்ற அன்னைக்கு முதல் நாளே இங்க எழுதுங்க, ரத்த வங்கியில யாரைப் பாக்கணும்னு சொல்லுதேன்.