ஸ்கொட்லாந்திலிருந்து நோர்த் கரோலினாவுக்குப் போன குடும்பம்: 1790க்கு முன்னால் எப்படித் தேடுவது?

கல்லடி_மாமி:

எல்லாருக்கும் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்காக இரண்டு பக்கத்து வம்சத்தையும் எழுதிவைக்கிறேன். எங்கட பக்கம் குடி (தாய்வழிக் குலம்), கோயில் முறை, பழைய காணி உறுதிகள் என்று ஓரளவு சேர்ந்துவிட்டது. மருமகன் அமெரிக்கர். அவருடைய தாயின் தகப்பன் வழிதான் சிக்கல். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த குடும்பம், ‘மக்’ என்று தொடங்கும் பெயர். சொந்தக்காரர் உயிரோடு இருப்பதால் முழுப் பெயரை இங்கே போடவில்லை.

எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: 1850 சனத்தொகைக் கணக்கெடுப்பில் மூர் கவுண்டியில் (கவுண்டி என்றால் எங்கட மாவட்டம் போல) 70 வயதுக்காரர் ஒருவர், பிறந்தது நோர்த் கரோலினா. அவருடைய தகப்பன் பெயர் டேனியல் என்று குடும்ப பைபிளில் இருக்கு. அதற்கு மேலே எல்லாம் வாய்ச்சொல். 1739இல் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்கைலிலிருந்து வந்த முதல் கூட்டத்தோடு வந்தவர்கள் என்கிறார்கள். 1790 கணக்கெடுப்பைப் பார்த்தால் அதே குடும்பப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட டேனியல்கள் நிற்கிறார்கள்.

கப்பல் பட்டியல் எங்கே கிடைக்கும்? எங்கட டேனியலை மற்ற டேனியல்களிடமிருந்து எப்படிப் பிரிப்பது? ஸ்கொட்லாந்தின் பழைய பதிவேடுகளைக் காட்டும் ஸ்கொட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் காசு கட்டித் தேடத் தொடங்கலாமா? இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் வம்ச மரம் 12ஆம் நூற்றாண்டுத் தீவு அரசன் வரைக்கும் போகுது, அதை நம்பலாமா?


காரைதீவான்:

கடைசிக் கேள்விக்கு முதலில்: நம்பவேண்டாம். 1780க்கும் 1740க்கும் இடையிலேயே ஆதாரம் இல்லாத குடும்பத்துக்கு 12ஆம் நூற்றாண்டு எங்கிருந்து வந்தது?

கப்பல் பட்டியலை விட்டுவிடுங்கள் மாமி. கப்பலில் வந்தவர்களின் பட்டியலைத் துறைமுகத்தில் கொடுக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1819இல் வந்து 1820இலிருந்துதான் நடந்தது. அதற்கு முன் ஸ்கொட்லாந்துக்காரர் பிரித்தானியப் பிரஜை. மன்னரின் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவரை எழுதிவைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரமும் அதனால்தான் இல்லை. பென்சில்வேனியாவில் 1727இலிருந்து ஜேர்மன்காரரின் பட்டியல் இருக்கே என்று பலர் தேடிக் களைக்கிறார்கள். அவர்கள் அந்நியர், இறங்கியதும் விசுவாசச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது, அதனால் பெயர் மிஞ்சியது.

ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆட்கள் அளவுக்கு மிஞ்சிப் போகிறார்கள் என்று லண்டன் பயந்து, 1773 கடைசியிலிருந்து சில வருடங்களுக்குச் சுங்க அதிகாரிகளைக் கொண்டு எழுதுவித்தது. பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் டி 47 (T 47) வரிசை, ஸ்கொட்லாந்துக்கு 12ஆம் தொகுதி. பெயர், வயது, தொழில், வந்த ஊர், ஏன் போகிறார் என்பது வரைக்கும் இருக்கும். குத்தகை ஏறிவிட்டது, மாட்டு விலை விழுந்துவிட்டது என்று அவர்களே சொன்ன வாக்குமூலங்கள். அச்சாகியும் வந்திருக்கு. எல்லாக் கப்பலும் இதில் இல்லை, இருந்தாலும் பார்க்காமல் விடக்கூடாது.

இனி அந்த 1739. ஆர்கைலிலிருந்து ஏறக்குறைய 350 பேர் அந்த வருடம் கேப் ஃபியர் ஆற்றுக்கு வந்தது உண்மை. அப்போதைய ஆளுநர் கேப்ரியல் ஜோன்ஸ்டனும் ஸ்கொட்லாந்துக்காரர். 1740 ஜூனில் அவருடைய சபையிடம் காணி பெற்றவர்களின் பெயரும் ஏக்கரும் காலனியின் அச்சுப் பதிவுகளில் இருக்கு, இணையத்தில் இலவசம். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். 1850இல் 70 வயது என்றால் பிறப்பு 1780 அளவில். தகப்பன் 1739இல் வளர்ந்த ஆளாக வந்திருந்தால் பிள்ளை பிறக்கும்போது 60ஐத் தாண்டியிருப்பார். ஆகவே அந்த டேனியல் குழந்தையாக வந்தவர், அல்லது அங்கே பிறந்தவர், அல்லது பிறகு வந்தவர். ஹைலண்ட் (ஸ்கொட்லாந்தின் வடமேற்கு மலைநாடு) மக்கள் பெருந்தொகையாக வந்தது 1767க்கும் 1775க்கும் இடையில். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் தங்களை 1739 கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். முதல் கூட்டம் என்றால் ஒரு மதிப்பு, அவ்வளவுதான்.

கவுண்டி எல்லையையும் கவனிக்கவேண்டும். மூர் கவுண்டி 1784இல்தான் பிறந்தது. அதற்கு முன் அந்த நிலம் கம்பர்லண்ட், கம்பர்லண்ட் 1754இல் பிளேடனிலிருந்து பிரிந்தது. எங்கட பக்கம் அம்பாறை 1961இல் தனி மாவட்டமானது போலத்தான். அதற்கு முந்திய கடுதாசியை மட்டக்களப்பில் தேடுவோம் இல்லையா? ஒரே வளவில் அசையாமல் இருந்தவரின் பத்திரம் மூன்று கவுண்டிகளில் கிடக்கும். ஆற்றுப் பெயரும் மாறும். இப்போது லம்பர் ஆறு என்று படத்தில் இருப்பது 1809 வரைக்கும் ட்ரவுனிங் கிறீக். மேல்பகுதிக்கு இன்றும் அந்தப் பழைய பெயர்தான்.


மண்டூர்_ஏடு:

டேனியல்களைப் பிரிக்கக் கணக்கெடுப்பு உதவாது. 1790இலிருந்து 1840 வரைக்கும் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டில் எல்லாருடைய பெயரும் 1850இல்தான் வருகிறது. பிரித்துத் தருவது காணி. இரண்டு பேருக்குப் பெயர் ஒன்றாக இருக்கலாம், ஒரே ஓடைக்கரையில் ஒரே மூலைமரத்தோடு காணி இருக்காது.

மூர் கவுண்டியில் 1889இல் நீதிமன்றக் கட்டடம் எரிந்து பல ஏடுகள் போய்விட்டன. ஆனால் அரசு கொடுத்த காணிக் கோப்புகள் மாநிலத் தலைநகர் ராலியில் இருந்ததால் தப்பின. நோர்த் கரோலினா லாண்ட் கிராண்ட்ஸ் என்ற தளத்தில் பெயர், கவுண்டி, ஓடை எதை வைத்தும் இலவசமாகத் தேடலாம். கிராண்டை (அரசு காணி கொடுத்த பத்திரத்தை) மட்டும் எடுத்துவிட்டு நிற்காதீர்கள். ஒவ்வொரு காணிக்கும் விண்ணப்பம், அளக்கச் சொல்லும் கட்டளை, அளவைப் படம், கடைசியில் கிராண்ட் என்று நான்கு கட்டம். அளவைப் படத்தின் அடியில், காணி அளக்கச் சங்கிலி பிடித்த இரண்டு பேரின் பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள்தான் எனக்கு முக்கியம். சங்கிலி பிடிக்க அளவையாளர் தூரத்திலிருந்து ஆள் கொண்டுவரமாட்டார். காணிக்காரனின் மகன், மைத்துனன், பக்கத்து வளவுக்காரன்தான் பிடிப்பார்கள். ஒரு டேனியலுக்குச் சங்கிலி பிடித்தவர்களையும் மற்ற டேனியலுக்குப் பிடித்தவர்களையும் இரண்டு தாளில் எழுதுங்கள், இரண்டு குடும்பமும் தானாகப் பிரியத் தொடங்கும்.

அளவு ‘போல்’ என்ற கணக்கில் இருக்கும். ஒரு போல் 16½ அடி, 320 போல் ஒரு மைல். எல்லை என்பது பைன் மரத்திலிருந்து கிழக்கே இத்தனை போல், அங்கிருந்து ஓக் மரம் என்று போகும். வரைதாளில் ஒவ்வொரு காணியையும் கீறி வெட்டிப் பக்கத்துக் காணிகளோடு பொருத்திப் பாருங்கள். மன்னர் காலத்துக் கிராண்ட் என்றால் இன்னொரு உபயோகம்: அப்போதைய முறை வீட்டிலுள்ள ஆளுக்கு 50 ஏக்கர். 350 ஏக்கர் என்றால் ஏழு பேர் கொண்ட வீடு என்று ஊகிக்கலாம். ஊகம் மட்டும்தான், வேலையாட்களும் அடிமைகளும் அந்தக் கணக்கில் சேர்வார்கள், அடுத்த காணியை வாங்கியும் இருக்கலாம்.

பலர் விழும் குழி ஒன்று. காணி ஒருவர் கையில் இருக்கு, அவர் அதை வாங்கிய உறுதி எங்கேயும் இல்லை. ஏடு தொலைந்தது என்று முடிவுகட்டாதீர்கள். 1784 வரைக்கும் அங்கே மரணசாசனம் இல்லாமல் செத்தவரின் காணி முழுவதும் மூத்த மகனுக்கு, சட்டப்படி தானாகவே. உறுதி எழுதவேண்டிய தேவையே இல்லை. பின்னால் அவர் விற்கும்போது விற்ற உறுதியில் ‘என் தகப்பனுக்குக் கிடைத்த காணி’ என்று ஒரு வரி வரலாம். ஆகவே வாங்கியவர் அட்டவணை, விற்றவர் அட்டவணை இரண்டையும் பாருங்கள்.

பெண்கள் விஷயம் எங்கட ஊருக்கு நேர் எதிர். இங்கே சீதனக் காணியும் குடியும் தாய்வழியில் வருவதால் உறுதியில் பெண்ணின் பெயர் நிற்கும். அங்கே காணி மகனுக்கு, மகளுக்கு மாடு, கட்டில், அல்லது அடிமை. அதனால் மகளைத் தேட மரணசாசனமும், ராலி காப்பகத்தில் ஆள்வாரியாக வைத்திருக்கும் மரணச்சொத்துக் கோப்புகளும் வேண்டும். அவை பமிலிசேர்ச் என்ற வம்ச ஆய்வுத் தளத்தில் ஸ்கான் செய்யப்பட்டிருக்கு. அந்தப் பத்திரங்களில் அடிமைகளின் பெயர் வந்தால் அதையும் அப்படியே எழுதிவையுங்கள். அவர்களின் வழியில் வந்தவர்களுக்குப் பல நேரம் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

பமிலிசேர்ச்சில் இப்போது கையெழுத்துப் பத்திரத்தின் உள்ளே சொல் தேடும் வசதி இருக்கு. அட்டவணையில் வராத சாட்சிகளும் பக்கத்து வளவுக்காரரும் அதில் அகப்படுவார்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, மருமகனை அங்கே அந்தத் தளத்தோடு இணைந்த பொது நூலகத்தில் போய் எடுக்கச் சொல்லுங்கள்.


தம்பிலுவில்_84:

ஒரு சுருக்கு வழி இருக்கே? ஸ்கொட்லாந்துக்காரர் மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூன்றாவது மகனுக்குத் தகப்பனின் பெயர் வைப்பார்கள். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். பிள்ளைகளின் வரிசையை வைத்தே மேலே ஏறிவிடலாம்.


காரைதீவான்:

வழக்கம் சரி தம்பி, ஆனால் ஏணியாக அதில் ஏறக்கூடாது. செத்த குழந்தையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள், இரண்டு தாத்தாவுக்கும் ஒரே பெயர் என்றால் வரிசை குழம்பும், 1850க்கு முன் பிள்ளைகளின் வரிசையே நமக்கு முழுதாகத் தெரியாது. எந்தக் குடும்பத்தை முதலில் சோதிக்கலாம் என்பதற்குக் குறிப்பு, அவ்வளவுதான்.

பெயரில் இன்னொன்று. மாமியின் டேனியல் சில பத்திரங்களில் டொனால்ட் என்று நிற்பார். ஹைலண்ட் மக்களின் மொழியான கேலிக்கில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கைக்கு வந்தபடி எழுதினார். இரண்டு பெயரிலும் தேடவேண்டும். ‘மக்’ பகுதியையும் முழுதாக, சுருக்கி, மேற்குறியோடு, இடைவெளி விட்டு என்று நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். அட்டவணையில் ‘மக்’ இல்லாமல் மிச்சப் பெயரைத் தனியாகவும் போட்டுப் பாருங்கள்.


கல்லடி_மாமி:

மெத்தப் பெரிய உதவி. இன்னும் இரண்டு. மருமகன் டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்கிறார். பழைய பத்திரம் ஒன்றில் திகதி ‘பெப்ரவரி 1739/40’ என்று இருக்கு, எந்த வருடம் என்று எடுக்கிறது? ஸ்கொட்லாந்துப் பக்கத்துக்கு எப்ப போகலாம் என்றும் சொல்லுங்கோ.


மண்டூர்_ஏடு:

திகதி: நம் கணக்கில் 1740. இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் 1752 வரைக்கும் வருடம் மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஸ்கொட்லாந்து 1600இலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. அதனால் ஒரே பெப்ரவரி இரண்டு கரையிலும் இரண்டு வருட எண்ணோடு நிற்கலாம். காலனியில் 1739 பெப்ரவரி என்று எழுதியதும் ஸ்கொட்லாந்தில் 1740 என்று எழுதியதும் முரண் இல்லை. பத்திரத்தில் இருப்பதை இருந்தபடியே எழுதி, உங்கள் கணக்கைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். திருத்தி எழுதினால் மூலம் என்ன சொன்னது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

டிஎன்ஏ: மருமகன் ஒய் சோதனை (தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைப் பார்ப்பது) செய்தால் அவருடைய தகப்பன் வழிதான் வரும். நீங்கள் தேடுவது தாயின் தகப்பன் வழி. ஆகவே கேட்கவேண்டியது மருமகனின் தாய்மாமனை, அல்லது அந்தத் தாய்மாமனின் மகனை. 37 மார்க்கர் (ஒப்பிடும் 37 இடங்கள்) சோதனையை ஆரம்பமாக எடுத்து, அந்தக் குடும்பப் பெயருக்கான குழுவில் சேரட்டும். ‘மக்’ பெயர் ஒன்றாக இருந்தாலும் ரத்தவழி பல. இரண்டு டேனியல்களின் இன்றைய ஆண்வழிப் பேரர்கள் பொருந்தவில்லை என்றால் அவர்கள் அண்ணன் தம்பி என்ற பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். இடையில் எங்காவது தத்துப்பிள்ளை வந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்தினால் உறவு இருக்கு என்று மட்டும் தெரியும், எத்தனையாவது தலைமுறையில் என்று சோதனை சொல்லாது. மற்ற சாதாரணச் சோதனை ஐந்தாறு தலைமுறைக்கு மேலே மங்கிவிடும், 1739க்கு நம்பிப் பயனில்லை.

ஸ்கொட்லாந்து: பங்கு (ஒரு தேவாலயத்துக்குட்பட்ட ஊர் வட்டம்) எது என்று தெரியும்வரைக்கும் காசு கட்டவேண்டாம். பழைய பங்கு ஏட்டின் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் காசு. ஆர்கைலில் அதே பெயரில் ஏராளம் பேர், ஒவ்வொன்றாகத் திறந்தால் முடிவில்லை. பங்கின் பெயர் அமெரிக்கக் கரையில்தான் கிடைக்கவேண்டும்: கல்லறைக் கல்லில் ‘ஜூரா தீவில் பிறந்தவர்’ என்பது போல, அல்லது 1832 சட்டத்தின்படி அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்கள் ஓய்வூதியத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், அல்லது மன்னர் பக்கம் நின்று இழந்தவர்கள் லண்டனில் கேட்ட நட்டஈட்டு மனுவில். அந்த மனுக்கள் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஓ 12, ஏஓ 13 (AO 12, AO 13) வரிசைகள். 1776 பெப்ரவரி 27 மூர்ஸ் கிறீக் பாலச் சண்டையில் கேப் ஃபியர் ஹைலண்ட்காரர் பெருமளவு மன்னர் பக்கம், ஆகவே கடைசி வழியைச் சிறிதாக நினைக்கவேண்டாம். உங்கள் டேனியலின் பெயரில் இல்லாவிட்டால் அவருக்குச் சங்கிலி பிடித்தவர்களின் பெயரில் தேடுங்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் காணி எடுத்தார்கள்.

பங்கு தெரிந்த பிறகும் ஏடு இல்லாமல் போகலாம். தீவுப் பங்குகள் பலவற்றின் ஏடு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குது. இருந்தால், ஞானஸ்நானப் பதிவில் பெரும்பாலும் தாயின் சொந்தக் குடும்பப் பெயரும் இருக்கும். அமெரிக்கப் பக்கத்தில் அது அரிது. ஏடு இல்லாத இடத்தில் ஆர்கைல் டியூக் தன் நிலங்களில் 1779இல் எடுப்பித்த குடிகள் பட்டியல் உதவும். அதில் உங்கள் ஆள் இருக்கமாட்டார், ஆனால் போகாமல் நின்ற சகோதரர்கள் இருக்கலாம்.

முதலில் 1784க்கு முந்திய கம்பர்லண்ட் கிராண்டுகளையும் பிந்திய மூர் கிராண்டுகளையும் இறக்குங்கள் மாமி. ஓடையின் பெயர், ஏக்கர், சங்கிலி பிடித்தவர்கள், இந்த மூன்றையும் ஒரு அட்டவணையாக இங்கே போடுங்கள். குடும்பப் பெயரை மறைத்தே போடலாம்.