உதவி தேவை: கோல்ஃபில் டிரைவரால் (தூர அடிக்கான பெரிய தலை கொண்ட கிளப், அதாவது மட்டை) அடிக்கும்போது டீ குச்சி (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) உடைந்துகொண்டே இருக்கிறது. தூரத்துக்கும் உழைப்புக்கும் எதை வாங்கலாம்?

மூடுபனி, நுவரெலியா

அனைவருக்கும் வணக்கம். நான் நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது விளையாடுகிறவர்களின் கிளப் பையைச் சுமப்பவனாக, வேலை செய்கிறேன். அப்பாவும் இதே மைதானத்தில் பை சுமந்தவர். விளையாட அனுமதி கிடைக்கும் நாட்களில் நானும் ஒரு சுற்று விளையாடுவேன். என்னிடம் இருக்கும் டிரைவர் ஒரு விருந்தினர் ஊருக்குத் திரும்பும்போது அன்போடு கொடுத்துவிட்டுப் போனது. பழையதுதான், ஆனால் 460 சிசி கன அளவுள்ள பெரிய தலை.

பிரச்சினை இதுதான். கடைசியாக விளையாடிய அன்று பதினொரு முறை டிரைவர் எடுத்தேன். எட்டு டீ உடைந்தது. எட்டும் ஒரே இடத்தில், பந்து உட்காரும் கிண்ணத்துக்கு ஒரு நகம் அளவு கீழே முறிந்திருக்கிறது. இதைத் தவிர இரண்டு, மண்ணில் குத்தும்போதே போய்விட்டது. இப்போது மழை இல்லை, விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது, பகலில் முதல் அடி அடிக்கும் டீ மேடை காய்ந்து இறுகிவிடுகிறது.

தூரமும் வரவில்லை. பந்து தாழ்வாகப் புறப்பட்டு, நடுவழியில் மூச்சு விட்டதுபோல் விழுந்துவிடுகிறது. மெல்லிய முனைகள் கொண்ட ஒருவகை பிளாஸ்டிக் டீ போட்டால் பதினைந்து யார்டு கூடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். கொழும்பிலிருந்து ஆள் மூலம்தான் வரவழைக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எந்த நீளம், எந்தப் பொருள் வாங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் தம்பி

அண்ணா, மரத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் வாங்குங்கள். இரண்டு மாதமாக ஒரே டீயை வைத்திருக்கிறேன். பயிற்சிக்குத்தான் அடிக்கிறேன் என்றாலும் இன்னும் உடையவில்லை.

பழைய கேடி

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் சொல். இப்போது போடும் டீ எத்தனை அங்குலம்? அடித்து முடித்ததும் உடைந்த துண்டு எந்தப் பக்கம் கிடக்கிறது?

மூடுபனி, நுவரெலியா

ஐயா, அளந்து பார்த்தேன். 54 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். விருந்தினர்கள் விட்டுப்போவதைப் பொறுக்கிச் சேர்த்தவை. பாதியை மண்ணுக்குள் குத்துகிறேன். துண்டு பெரும்பாலும் முன்னால், பந்து போன திசையில்தான் கிடக்கும். அடிப்பாகம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், கிளறித்தான் எடுக்க வேண்டும்.

பழைய கேடி

அப்படியானால் டீயைக் குறை சொல்ல வேண்டாம். கணக்கைப் பார்.

கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பந்தின் நடு அதில் பாதி, ஏறத்தாழ 21. உன் டிரைவரைத் தரையில் வைத்தால் தலையின் உச்சி 58, 60 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். பந்தின் பாதி அந்த உச்சிக்கு மேலே தெரிய வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். அதற்கு டீ மண்ணுக்கு மேல் 38 மில்லிமீற்றர் அளவில், ஒன்றரை அங்குலம், நிற்க வேண்டும். நீ 54இல் பாதியைக் குத்தினால் 27தான் மேலே நிற்கிறது. பந்து பதுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும் கை, தானாகவே மேலிருந்து கீழே வெட்டத் தொடங்கும். கவ்வாத்துக் கத்தியை இறக்குவதுபோல் டிரைவரை இறக்குகிறாய்.

டிரைவரின் முகப்பு, அதாவது பந்தில் படும் பக்கம், பந்தை மட்டும் தொட்டுவிட்டு டீயைத் தொடாமல் போகாது. எல்லார் அடியிலும் டீக்கு ஒரு தட்டு விழும். கிளப் மேல்நோக்கி வந்தால் டீ மண்ணிலிருந்து உருவிக்கொண்டு வெளியே துள்ளும். கீழ்நோக்கி வந்தால் டீ மண்ணுக்குள் அழுத்தப்பட்டு, ஓடவும் வழியில்லாமல் கழுத்தில் முறியும். அடிப்பாகம் மண்ணிலேயே நிற்கிறது என்று நீ எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

தூரம் வராததற்கும் இதுதான் காரணம். முகப்பின் கீழ்ப்பகுதியில் பட்ட பந்து தாழ்வாகப் புறப்படும், பின்சுழற்சி கூடும். நடுவுக்குச் சற்று மேலே பட்டால் உயரமாகப் புறப்படும், சுழற்சி குறையும், தொலைவாகப் போகும். டிரைவரில் தூரம் என்பது இந்த ஒரு விரல் அகல வித்தியாசம்தான்.

70 மில்லிமீற்றர் டீ வாங்கு, இரண்டே முக்கால் அங்குலம். 38 மேலே, 32 உள்ளே. மழைக்காலத்தில் மண் தளர்ந்துவிடும், அப்போது 83 மில்லிமீற்றர், மூன்றே கால் அங்குலம், ஆழமாகப் பிடித்து நிற்கும். இறுகிய மண்ணில் நீளமானதை ஆழக் குத்தினால் அசையாமல் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் முறியும். ஆகவே இப்போது 70தான். குத்தும் முன் பழைய ஆணியாலோ, பந்து விழுந்த குழியைச் சரிசெய்யும் முள்ளாலோ ஒரு துளை போடு. பந்தை உள்ளங்கையில் பிடித்து, டீயை விரலிடுக்கில் வைத்து, பந்தோடு சேர்த்து நேராக அழுத்து. டீயைத் தனியாகக் குத்துகிறவன் சாய்த்துத்தான் குத்துவான்.

நிற்கும்போது பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். உனக்குத் தெரியாததல்ல, ஆனால் தாழ்ந்த டீக்குப் பழகியவர்கள் தெரியாமலே பந்தைப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள்.

இன்னொன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நம் மைதானம் 1889இல் தொடங்கியது. அன்று டீ குச்சி என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லை. ஈர மண்ணை விரலால் பிடித்துக் கூம்பாக்கி, அதன் மேல் பந்தை வைப்பார்கள். ஜோர்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் பொஸ்டனில் மர டீக்குக் காப்புரிமை பெற்றது 1899இல். அவர் அதை விற்றுப் பணம் பார்க்கவில்லை. சந்தைக்குக் கொண்டுவந்தவர் 1920களில் வந்த வில்லியம் லோவல். அவரும் பல் மருத்துவர். மண் கூம்பை ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில் பிடிப்பது ஒரு கைத்திறன். அந்த ஒரே உயரம்தான் இன்றைக்கும் டீயிடமிருந்து நாம் கேட்பது.

மூடுபனி, நுவரெலியா

மிக்க நன்றி ஐயா. அந்த பிளாஸ்டிக் டீயால் பதினைந்து யார்டு கூடும் என்பது உண்மையா? ஒரே உயரம் வருவதற்காக டீயில் கத்தியால் ஒரு வெட்டு போட்டு வைத்துக்கொள்ளலாமா?

பண்டாரவளைத் தச்சர்

கத்தி வைக்காதீர்கள் தம்பி. மரத்தில் வெட்டு விழுந்த இடம்தான் முதலில் முறியும், அதுவும் மெல்லிய குச்சியில். பேனாவால் ஒரு கோடு போதும். அழியாமல் இருக்க வேண்டுமானால் நகப்பூச்சை ஒரு வளையமாக இழுத்துவிடுங்கள்.

நான் கோல்ஃப் விளையாடுகிறவன் அல்ல, மருமகனுக்காகச் சில காலம் டீ கடைந்து பார்த்தவன். மர டீ பெரும்பாலும் பேர்ச் மரத்தில் கடையப்படுகிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நார் ஓடும் திசையைப் பாருங்கள். கிண்ணத்திலிருந்து கூர் வரை நார் நேராக ஓடினால் அது உழைக்கும். நடுவழியில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்தச் சாய்விலேயே பிளக்கும். வர்ணம் பூசியவற்றில் இதைப் பார்க்க முடியாது, ஆகவே வர்ணமில்லாததைக் கேட்டு வாங்குங்கள். நார் சாய்ந்தவற்றை அயன் (குறைந்த தூரத்துக்கான இரும்புத் தலைக் கிளப்) அடிக்கு ஒதுக்கிவிடலாம், அங்கே சுமை குறைவு.

உழைப்பு வேண்டுமானால் மூங்கில். மூங்கில் ஒரு நீண்ட நார்க்கட்டு, மரம்போல் சட்டென்று முறியாது, முதலில் நைந்து கீறும். நைந்த டீயை விரலில் சற்று வளைத்துப் பார்த்தால் இன்னும் ஓர் அடிக்குத் தாங்குமா என்று தெரிந்துவிடும். மூங்கிலில் தோல் பக்கம் நார் நெருக்கம், உட்பக்கம் தளர்வு. வீட்டில் சீவுவதானால் முற்றிய மூங்கிலின் தோல் பக்கத்தை எடுங்கள். ஆனால் கிண்ணம் குடைவது சிரமம், பந்து உருண்டுவிடும். டிரைவருக்குக் கடையில் வாங்குவதே நல்லது.

உங்கள் ஊர் ஈரத்தில் மர டீயைப் பையின் அடியில் போட்டுவைத்தால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். அதற்காக அடுப்பு மேட்டில் காயவைத்தால் நொறுங்கும். மூடியுள்ள ஒரு டின்னில் போட்டு அறைக்குள் வையுங்கள்.

டீச்சர், கண்டி

பாடசாலையில் விளையாட்டுப் பாடம் கற்பிக்கிறேன், விடுமுறையில் திகனைப் பக்கம் ரஜவெல்லையில் விளையாடுவேன். பதினைந்து யார்டு கேள்விக்கு என் பதில்.

டிரைவர் தலையின் எடை ஏறத்தாழ 200 கிராம். ஒரு டீ இரண்டு மூன்று கிராமுக்கு மேல் வராது. அந்தக் குச்சியைத் தட்டுவதில் கிளப் இழக்கும் வேகம் மிகச் சொற்பம். ஆகவே உராய்வைக் குறைத்துப் பதினைந்து யார்டு தருவேன் என்று ஒரு டீ சொன்னால் நான் நம்ப மாட்டேன். படி வைத்த பிளாஸ்டிக் டீயைப் போட்ட பிறகு தூரம் கூடியது என்று சிலர் சொல்வதில் பொய் இல்லை. படி மண்ணில் முட்டி நிற்பதால் உயரம் மாறுவதில்லை, தூரம் அதிலிருந்து வருகிறது. அதைத்தான் உங்கள் நகப்பூச்சு வளையமும் செய்யும்.

ஹட்டன் தம்பிக்கு: பிளாஸ்டிக் நெடுநாள் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சில வகைகள் முகப்பில் நிறத்தை ஒட்டிவிடும். உடைந்து மண்ணில் புதைந்த துண்டு மக்காது, புல்வெட்டியின் கத்திக்குக் கேடு. எதை அடித்தாலும் துண்டைப் பொறுக்கிவிடுங்கள்.

நுவரெலியா நண்பருக்கு ஓர் அனுகூலம் உண்டு. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவில் குறைவு. குளிர் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டாலும், கொழும்பில் விழுவதைவிடப் பந்து தொலைவாகப் போக வேண்டும். மெல்லிய காற்றில் பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறைவு, ஆகவே உயரமாகப் புறப்படும் பந்துக்குத்தான் அந்த நன்மை கிடைக்கும். எதிர்க்காற்று வந்தால் டீயைத் தாழ்த்தாதீர்கள். தாழ்த்தினால் கை வெட்டும், சுழற்சி ஏறும், பந்து காற்றில் எழும்பி நின்றுவிடும்.

சோதனை ஒன்று சொல்கிறேன். முகப்பில் குழந்தைப் பவுடரை மெல்லியதாகத் தூவி அடியுங்கள், பட்ட இடம் வட்டமாகத் தெரியும். பயிற்சியில் மட்டும். விதிப்படியான சுற்றில் முகப்பில் எதையும் பூசக் கூடாது. டீயின் நீளத்துக்கும் விதி உண்டு, நான்கு அங்குலத்துக்கு, 101.6 மில்லிமீற்றருக்கு, மேல் போகக் கூடாது.

மூடுபனி, நுவரெலியா

எல்லாருக்கும் செய்தி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பழைய 54ஐயே போட்டுப் பவுடர் சோதனை செய்தேன். ஆறு அடி. ஐந்து வட்டம் முகப்பின் அடி விளிம்பை ஒட்டி, ஒன்று அதைவிடவும் கீழே, பாதி வட்டமாக. பார்த்ததும் மனம் சங்கடப்பட்டது. இத்தனை நாள் டீயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு 70 மில்லிமீற்றர் மூங்கில் டீ ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. தங்கையிடம் நகப்பூச்சு வாங்கி 38இல் வளையம் இட்டேன். முதல் மூன்று அடியும் மோசம். உயரமான பந்தைப் பார்த்ததும் அடியில் புகுந்துவிடுமோ என்று பயந்து கை இன்னும் வேகமாக இறங்கியது, ஒன்று தலையின் உச்சியில் பட்டு வானத்துக்குப் போனது. உச்சியில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்துவிட்டது. பந்தை இடது குதிகாலுக்கு நேராக நகர்த்தி, எடையை வலது காலில் சற்றுக் கூடுதலாக வைத்ததும் மாறியது. நான்காவது அடியில் டீ முழுசாக உருவிக்கொண்டு எனக்குப் பின்னால் விழுந்தது. பவுடர் வட்டம் நடுவுக்கு அரை விரல் மேலே.

நேற்று சுற்று விளையாடினேன். பதினொரு டிரைவர், இரண்டு டீ முறிந்தது, ஒன்று நைந்தது. வழக்கமாகப் பந்து நிற்கும் இடத்தைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு காலடி நடந்துதான் பந்தை அடைந்தேன். ஒவ்வொரு அடிக்கும் இல்லை, நன்றாகப் பட்டவற்றுக்கு.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், தூரம் குறைந்த குழிகளில் அயனுக்குப் போடலாமா?

பழைய கேடி

தாராளமாகப் போடு. கிண்ணம் உடையாமல் இருந்தால் போதும். புல்லின் மட்டத்துக்கு அழுத்திவிடு, பந்து புல் நுனியில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். மழை தொடங்கியதும் 83க்கு மாறிக்கொள், வளையத்தை மட்டும் அதே 38இல் இடு.