கர்னல் கம்பைல் ஆகாம முழிச்ச கதை: உங்களோடதையும் சொல்லுங்க

பழைய போர்டு
போர்டோடு வந்த லினக்ஸ் 4.9 கர்னலைத்தான் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) இன்னும் ஓட்டுகிறோம். ஏஆர்எம் பிராசஸர் போர்டு. ரொம்ப நாளாக ஒழுங்காக பில்ட் ஆனது, லேப்டாப்பில் உபுண்டு 22.04 போட்ட மறுநாள் படுத்துவிட்டது. டிவைஸ் ட்ரீயை (போர்டில் என்னென்ன ஹார்ட்வேர் என்று சொல்லும் பட்டியல்) கம்பைல் செய்யும் டிடிசி என்ற கருவி லிங்க் ஆகிற (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கிற) இடத்தில், 'ஒய்ஒய்லாக்' என்ற மாறி இரண்டு இடத்தில் இருக்கிறது என்று எரர்.

முதலில் செய்த மடத்தனம், போர்டுக்கான கோடை லேப்டாப்பில் உருவாக்கும் கிராஸ் கம்பைலரை மாற்றி மாற்றிப் போட்டது. மூன்று டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு), அதே எரர். டிடிசி ஓடுவது போர்டில் இல்லை, பில்ட் நடக்கிற லேப்டாப்பில். அதைக் கம்பைல் செய்வதும் உபுண்டுவின் சொந்தக் கம்பைலர் ஜிசிசி. இது உறைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

தொடக்க மதிப்பு கொடுக்காத ஒரே குளோபல் மாறி இரண்டு ஃபைலில் இருந்தால், முன்பெல்லாம் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடுவார்கள். 2020-ல் வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. 22.04-ல் இருப்பது 11.

சரி என்று டிடிசியின் லெக்சர் ஃபைலை (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) திறந்து ஒய்ஒய்லாக் இருந்த வரியை அழித்தேன். மறுபடியும் அதே எரர்! பேய் பிடித்ததோ என்று நினைத்தேன். 4.9-ல் அந்த ஃபைலிலிருந்து சி கோடு புதிதாக உருவாவதில்லை. முன்னமே உருவாக்கி, பெயர்க் கடைசியில் 'ஷிப்டு' என்று ஒட்டி வைத்திருக்கிற பிரதியைத்தான், பில்டை நடத்தும் மேக் எடுத்துக்கொள்கிறது. அதில் அந்த வரிக்கு முன்னால் 'எக்ஸ்டெர்ன்' (மாறி வேறு ஃபைலில் இருக்கிறது என்று சொல்வது) சேர்த்தேன், முடிந்தது. லேப்டாப் கம்பைலருக்கான ஹோஸ்ட் ஃப்ளாக்கில், பழைய சலுகையைத் திருப்பித் தரும் 'எஃப்காமன்' கொடுத்தும் தப்பிக்கலாம். ஆனால் என் டெர்மினலில் அடித்தது அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? திருத்தத்தை பேட்ச் ஃபைலாகவே போட்டு வைத்தேன்.

நள்ளிரவு பில்ட்
என்னைக் கவிழ்த்ததே தப்பித்த வழிதான். எக்ஸ்86-ல் (பிசி பிராசஸர்) ஓடின ஒரு டிரைவரை 64-பிட் ஏஆர்எம்முக்குக் கொண்டுபோனேன். மெமரி ஒதுக்கும் 'விமாலாக்' ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை என்று எரர். டெட்லைன் வேற கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, எரரை வார்னிங்கா மாத்துற ஃப்ளாக்கைப் போட்டுட்டேன். மாட்யூல் அழகா லோடு ஆச்சு. முதல் தடவை பஃபரைத் தொட்டதும் கர்னல் ஊப்ஸ் (கர்னலுக்குள்ளயே விழுற எரர்).

அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் 'இன்ட்' (32 பிட் எண்) திருப்பித் தரும்னு கம்பைலர் எடுத்துக்கும். 64 பிட் முகவரியில கீழ்ப்பாதி மட்டும்தான் கைக்கு வந்துச்சு. எக்ஸ்86-ல வேற ஏதோ ஹெடர் (அறிவிப்புகள் இருக்கிற ஃபைல்) வழியா விமாலாக் ஹெடரும் உள்ள வந்திருக்கு, இங்க வரல. ஒரே ஒரு இன்க்ளூட் வரி. அதுக்கு ரெண்டு ராத்திரி.

மீதி
32-பிட்டில் இன்னொன்று. 64-பிட் எண்ணைச் சாதாரண வகுத்தல் குறி போட்டு வகுத்தேன், 'ஏஇஏபிஐ யுஎல்டிவ்மாட்' என்ற ஃபங்ஷன் இல்லை என்று லிங்க் விழுந்தது. அந்த ஃபங்ஷன் ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி லைப்ரரியில் இருப்பது, கர்னல் அதோடு லிங்க் ஆவதில்லை. வகுக்கக் கர்னலிலேயே இருக்கும் 'டூடிவ்' போடு என்றார் பக்கத்து சீட்காரர். போட்டேன், கம்பைல் ஆனது. பத்து ரீடிங்கின் சராசரி எப்போதும் 0 முதல் 9-க்குள்ளேயே வந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கி மாட்டினோம்!

டூடிவ் திருப்பித் தருவது மீதி. ஈவு, முதலில் கொடுத்த மாறியிலேயே போய் உட்கார்ந்திருக்கும். என் பெயருக்குக் காரணம் புரிந்திருக்கும்.

பழைய போர்டு
@மீதி, சென்சார் பாவம் 😄 வகுத்தலே வேண்டாம் என்று கழித்தல் லூப் எழுதினாலும் கம்பைலர் விடமாட்டான். ஜிசிசி 4.3 அப்படிப்பட்ட லூப்பைப் பார்த்து, 'ஓ, இது வகுத்தல்தானே' என்று அதே இல்லாத ஃபங்ஷனை அழைக்கப் போய்விட்டது. கர்னல் எழுதுபவர்கள் லூப்புக்குள் ஒன்றுமே செய்யாத ஒரு காலி அசெம்பிளி வரியைச் செருகித்தான் அதன் கண்ணை மறைத்தார்கள். மேத்64 ஹெடரில் பாருங்கள், ஏன் வைத்தோம் என்று பக்கத்திலேயே கமெண்டும் எழுதியிருப்பார்கள்.

நள்ளிரவு பில்ட்
பார்த்தேன். என் டிரைவர்ல அந்த ஃப்ளாக்குக்குப் பக்கத்துல ஒரு கமெண்டும் இல்ல.