ஜார்ஜ்டவுன் நடைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், பெரியவர்களையும்

ஊர் உறவுகள் அனைவருக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று சுங்கைப்பட்டாணித் தங்கை கேட்டிருந்தார். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பாரம்பரிய நடைக்கு அழைத்து வாருங்கள், அம்மா. 1986-இல் தொடங்கிய பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை பழைய கட்டடங்களுக்காக வாதாடுவதோடு நிற்கவில்லை. பொதுமக்களைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று விளக்குகிறது. அருகி வரும் கைவினைகளை இளையவர்கள் கற்க வழிசெய்கிறது. ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்போ, பிள்ளைகளையே கடைக்காரர்களிடமும் தெருவாசிகளிடமும் பேசிக் குறிப்பெடுக்க வைக்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடிக்கிறது. தானே கேட்டு எழுதிய பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த நடைகளில் கட்டடங்கள் நன்றாகப் பேசுகின்றன. அவற்றைச் சுற்றி உழைத்த நம்மவர்கள் பேசுவதில்லை. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் சிறிது நேரத்தில் நடந்து பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்பது எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்? மாரியம்மன் கோயிலுக்குத் துறைமுகத் தொழிலாளர்களோடு இருந்த உறவை யார் எடுத்துச் சொல்வது?

சொல்லக்கூடியவர்கள் நகரை விட்டுப் போய்விட்டார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2000 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்ததும், தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் கடைவீடுகளில் இருந்த குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது சுவர்கள் மிஞ்சியிருந்தன. உள்ளே வாழ்ந்தவர்களில் பலர் அடுக்குமாடிகளுக்குப் போயிருந்தார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி இங்கே இறங்கியவர்கள். கிட்டங்கி என்ற கூட்டுத் தங்குமிடத்தில் பாய் விரித்துப் படுத்து, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பியவர்கள். கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தங்கவைத்த ஜெரெஜாக் தீவைப் பற்றி அவர்கள் வீடுகளில் ஏதாவது ஒரு கதை இருக்கும். எந்த வரலாற்று அமைப்பிடமும் இல்லாத சரக்கு இது.

பதிவு செய்யும்போது "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் தாத்தா" என்று தொடங்காதீர்கள். அவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். பழைய கடவுச்சீட்டையோ ஒரு புகைப்படத்தையோ கையில் கொடுங்கள். கிட்டங்கியில் யார் சமைத்தார், சம்பள நாளில் முதலில் எங்கே போனீர்கள், ஊர்க் கடிதத்தை யார் படித்துக் காட்டினார் என்று கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள், ஆண்டு பிசகினாலும் பரவாயில்லை, பிறகு சரிபார்க்கலாம். தொடங்குமுன் பதிவுக்கும், பிறர் கேட்பதற்கும் தனித்தனியே சம்மதம் வாங்குங்கள். கடன், சண்டை, இரண்டாம் குடும்பம் என்று எது வந்தாலும், வெளியே விடலாமா என்பதை அவரே சொல்லட்டும். பெண்களை விட்டுவிடாதீர்கள். ஆத்தாக்களும் அப்பாயிகளும் பேசாத வரலாறு பாதி வரலாறுதான்.

இன்னொன்று, நடையைத் தமிழில் நடத்த ஆள் வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தங்கள் பாட்டன்மாரின் தெருவைத் தங்கள் மொழியில் கேட்கட்டும். கோலாலம்பூரில் ஆசிரியராக இருக்கும் தம்பிகள் இருவரும் ஓய்வுபெற்ற நம் தலைமையாசிரியர் ஐயாவும் முன்வந்தால், வழித்தடக் குறிப்பை நான் எழுதித் தருகிறேன்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வீட்டிலுள்ள படங்களை அனுப்புங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்தக் காலம், யார் வீட்டிலிருந்து வந்தது என்ற நான்கு விவரங்களையும் படத்தோடு எழுதுங்கள். மூலப்படத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நகல் போதும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் கிடைப்பவற்றைக் கொண்டு முதல் நடையை குயின் தெருவில் தொடங்கிவிடலாம்.