லாக் அவுட் படிவம் நிரம்புது, பூட்டு டப்பாவிலேயே கிடக்குது. எங்கே தப்பு?

பேக்கிங்_லைன்:
வணக்கம் நண்பர்களே. ஆறு கன்வேயர், அட்டைப்பெட்டி மடிக்கிற மெஷின் ஒன்று, கடைசியில் பெட்டிகளைப் பலகையில் அடுக்குற பேலட்டைசர் ஒன்று. லாக் அவுட் (மெஷினில் கை வைக்கும் முன் மின்சாரம், காற்றை வெட்டிப் பூட்டுப் போடுறது) நடைமுறை 14 பக்கம் இருக்கு, ஆடிட்டில் ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் ஜாம் ஆனால் நடப்பதே வேற. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திட்டு நேரா கையை விடுறாங்க. பூட்டுப் போட வேண்டிய ஐசொலேட்டர் (சப்ளையை முழுசா வெட்டுற சுவிட்ச்) பேனல் ரூமில், 60 மீட்டர் தள்ளி. கார்டு கதவு திறந்தால் மெஷினை நிறுத்துற இன்டர்லாக் சுவிட்சில், கதவு மூடியிருக்குன்னு ஏமாத்த ஒரு உபரி நாக்கு எப்பவும் சொருகியே இருக்கு. ரெண்டு தடவை டிரெய்னிங், ஒரு தடவை எச்சரிக்கைக் கடிதம். ஒரு வாரம் ஒழுங்கா நடக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. 5×5 ரிஸ்க் அட்டவணையில் (தீவிரம் × வாய்ப்பு) இந்த வேலைக்கு 20 போட்டு, டிரெய்னிங்குக்கு அப்புறம் 6 என்று காட்டியிருக்கோம். வேற என்ன செய்யலாம்?

ஸ்பேனர்_13:
முதலில் கணக்குப் போடுங்க. பூட்டப் போக 60 மீட்டர், வேலைக்குத் திரும்ப 60, பூட்டை எடுக்கப் போக 60, ஸ்டார்ட் பண்ண வர 60. ஒரு ஜாமுக்கு 240 மீட்டர். ஷிஃப்டுக்கு 15 ஜாம்னு வச்சாலே 3.6 கிலோமீட்டர் நடை. பூட்டு, டேக், ரிஜிஸ்டர் எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிஷம் பிடிச்சால், எட்டு மணி நேர ஷிஃப்டில் 105 நிமிஷம் போயிடும். புரொடக்‌ஷன் டார்கெட்டை யாரும் குறைச்சிருக்க மாட்டாங்க. அப்போ அந்த நடைமுறையை எழுதும்போதே மீறச் சொல்லித்தான் எழுதியிருக்கு. இதுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து என்ன பயன்?

செய்ய வேண்டியது ரெண்டு. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலேயும், நிற்கிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி, பூட்டக்கூடிய லோக்கல் ஐசொலேட்டர் வையுங்க. மோட்டாரின் பவர் லைனையே வெட்டுறதா இருக்கணும். கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும் வெட்டுற சுவிட்ச் உதவாது.

அதைவிட முக்கியம், ஜாமையே குறைக்கிறது. லைன் லே-அவுட்டைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டுங்க. ஜாம் ஆன இடத்தில் ஆபரேட்டர் பேனாவால் ஒரு புள்ளி வச்சால் போதும், வேற எதுவும் எழுத வேண்டாம். ரெண்டு வாரத்தில் புள்ளிகள் மூணு நாலு இடத்தில் குவிஞ்சு நிற்கும். பெரும்பாலும் சைடு கைடு ரொம்ப இறுக்கமா இருக்கும், ஒரு கன்வேயரிலிருந்து அடுத்ததுக்கு மாறுற இடத்தில் ரோலர் இடைவெளி அதிகமா இருக்கும், ஈரத்தில் அட்டை வளைஞ்சிருக்கும், இல்லைன்னா சென்சர் கண்ணாடியில் தூசி படிஞ்சிருக்கும். கையை உள்ளே விட வேண்டிய அவசியமே இல்லாமல் போறதை மிஞ்சின கன்ட்ரோல் கிடையாது.

மின்_பேனல்:
எமர்ஜென்சி ஸ்டாப் ஐசொலேஷன் ஆகாது. இந்தப் பக்கம் நீங்க அழுத்தின பட்டனை, விஷயம் தெரியாதவர் வந்து திருகி எடுத்துட்டு ரீசெட் போடலாம். அதோட பல மெஷின்களில் அது மோட்டாரை நிறுத்தும், காற்றை விடாது.

உங்க அட்டைப்பெட்டி மெஷினில் நிஜமான ஆபத்து அந்தக் காற்றில்தான். ஓரம் மடிஞ்ச அட்டை சிலிண்டரின் வழியை அடைச்சு நிற்குதுன்னு வையுங்க. பார்க்க மெஷின் அசையாமல் இருக்கும், ஆனால் சிலிண்டருக்குள்ளே 6 பார் அழுத்தம் இருக்கு. 50 மிமீ விட்டமுள்ள சிலிண்டர் 6 பாரில் கிட்டத்தட்ட 120 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளும். அட்டையை உருவின அதே நொடி அது மிச்ச தூரத்தையும் ஓடி முடிக்கும். உருவின விரல் அங்கேதான் இருக்கும்.

அதனால் காற்று லைனில் பூட்டக்கூடிய வால்வு வேணும், அதுவும் மூடினதும் மெஷின் பக்கக் காற்றை வெளியே விடுற வகை. சாதாரண பால் வால்வை மூடினால் உள்ளே இருக்கிற காற்று அப்படியே சிக்கி நிற்கும். வால்வுக்குப் பின்னால் ஒரு கேஜ் வையுங்க, முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் கை. செங்குத்தான சிலிண்டர் என்றால் காற்றை விட்டதும் சுமை கீழே விழும், முதலில் பின் போட்டோ முட்டுக் கொடுத்தோ நிறுத்தணும். சிலிண்டர் மேலேயே, காற்றை உள்ளேயே அடைச்சு வைக்கிற பைலட் செக் வால்வு இருந்தால், மெயினில் காற்றை விட்டாலும் அந்த சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கும். அதைத் தனியா விடணும். கேஜ் இதைக் காட்டாது, இங்கேதான் ஏமாறுவாங்க.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவின் பேனலைத் திறக்கிற வேலைன்னா இன்னொன்று. 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் டிசி பஸ் (உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பகுதி) 585 வோல்ட் வாக்கில் இருக்கும், சப்ளையை வெட்டினதும் இறங்காது. டிரைவ் மேல் எழுதியிருக்கிற நிமிஷம் காத்திருந்து, டிசி பிளஸ் மைனஸ் நடுவில் அளந்து பாருங்க. டெஸ்டரை முதலில் சப்ளை இருக்கிற இடத்தில் வச்சு வேலை செய்யுதான்னு பார்க்கணும், அப்புறம் வேலை செய்யப்போற இடம், திரும்பவும் சப்ளை இருக்கிற இடம். நடுவில் டெஸ்டர் செத்துப் போனாலும் பூஜ்யம்தான் காட்டும்.

பூட்டின பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பாங்க. எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தியபடியே, கார்டு திறந்தபடியே அழுத்தினால் மெஷின் எப்படியும் ஓடாது, அதில் ஒன்றும் நிரூபணமாகாது. எல்லாத்தையும் சரி நிலைக்குக் கொண்டுவந்து, ரீசெட் போட்டு, ஆள் விலகி நின்று அழுத்தணும். பிறகு சுவிட்சை ஆஃபுக்குத் திருப்பணும்.

கார்டு_கதவு:
அந்த உபரி நாக்கைப் பிடுங்கி எறியறதுக்கு முன்னாடி, அது ஏன் அங்கே வந்ததுன்னு கேளுங்க. பெரும்பாலும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்த வேண்டிய தேவை இருக்கும். இன்டர்லாக் சுவிட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ 14119 தரநிலையே, பைபாஸ் பண்ணத் தூண்டுற காரணங்களை முதலில் மதிப்பிடச் சொல்லுது. அந்தத் தேவைக்கு வேகம் குறைச்சு, அழுத்திப் பிடிச்சிருக்கிற வரைக்கும் மட்டும் ஓடுற மோடு கொடுங்க. கையில் மூணு நிலை பட்டன்: நடுநிலையில் ஓடும், விட்டாலும் நிற்கும், பதறி இறுக்கினாலும் நிற்கும். அதுக்கப்புறம் சுவிட்சை, தனக்குன்னு உள்ள நாக்கை மட்டும் ஏத்துக்கிற குறியீட்டு (coded) வகைக்கு மாத்துங்க. காரணத்தை விட்டுட்டு சுவிட்சை மட்டும் மாத்தினால், அடுத்து கார்டையே கழட்டி ஓரமா சாத்தி வைப்பாங்க.

பேலட்டைசர் கதை வேற. ஆள் முழுசா உள்ளே போற இடம். உள்ளே ஒருத்தர் இருக்கிறது தெரியாமல் வெளியே இருந்து கதவைச் சாத்தி ரீசெட் போட முடியும். அங்கே இன்டர்லாக்கை மட்டும் நம்ப வேண்டாம், எவ்வளவு சின்ன வேலையா இருந்தாலும் பூட்டுத்தான்.

சிவப்பு_மை:
20 எப்படிங்க 6 ஆச்சு? 5×5 அட்டவணையில் 20 வரணும்னா தீவிரம் 4 அல்லது 5. 6 வரணும்னா 2×3 அல்லது 3×2. அப்போ தீவிரத்தையும் குறைச்சிருக்கீங்க. டிரெய்னிங் எடுத்தவர் கை நசுங்கினாலும் நசுங்கல் அதேதான். தீவிரத்தைத் தொடாதீங்க. வாய்ப்பை வேணும்னா குறைக்கலாம், அதுவும் ஐசொலேட்டர், காற்று வால்வு மாட்டின பிறகு.

14 பக்கத்தையும் கிழிக்கச் சொல்லலை, ஆபீஸில் இருக்கட்டும். மெஷினுக்கு ஒரு பக்கம் போதும்: ஐசொலேட்டர், வால்வு ஒவ்வொன்றுக்கும் போட்டோ, எண். அதே எண் மெஷின் மேலேயும் பெயின்ட்டில்.

பேக்கிங்_லைன்:
6 விஷயத்தில் வசமா மாட்டிக்கிட்டோம், உண்மைதான். இன்னொரு சந்தேகம்: மூணு பேர் சேர்ந்து வேலை செய்யும்போது சூப்பர்வைசர் பூட்டு ஒன்று போதாதா? ஷிஃப்ட் மாறினால்?

ஸ்பேனர்_13:
போதாது. ஹாஸ்ப் (பல பூட்டு மாட்டுற கொக்கி) மாட்டி மூணு பேரும் அவரவர் பூட்டு. சாவி அவரவர் பையில், பூட்டோட வர்ற இரண்டாவது சாவியை அழிச்சிடுங்க. ஷிஃப்ட் மாறும்போது வர்றவர் பூட்டு போட்ட பிறகே போறவர் எடுக்கணும். மறந்து வீட்டுக்குப் போயிட்டால் உடனே கட்டர் தூக்காதீங்க. ஆள் வளாகத்தில் இல்லைன்னு உறுதி பண்ணி, போனில் பேசி, மெஷினைச் சுற்றிப் பார்த்த பிறகு, அதுக்குன்னு பொறுப்பு கொடுத்தவர் மட்டும் வெட்டணும். மறுநாள் அவர் மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி “உங்க பூட்டு இப்போ அங்கே இல்லை”ன்னு நேரில் சொல்லணும்.